சில்லறைக் கணக்கு

ஆறு நாற்பது கோத்தகிரி பஸ்ஸில்
மடியில் இரண்டு பைகள்.
ஒன்றில் தற்கால வரலாறு, ஐந்தாம் பருவம்.
மற்றதில் நீலகிரித் தைலம், நூறு மில்லி,
இருபத்து மூன்று குப்பி.
வீட்டை விட்டபோது இருபத்து நான்கு.
தொட்டபெட்டா தாண்டிய இறக்கத்தில்
காட்டெருமைக்காக ஓட்டுநர் மிதித்த மிதியில்
ஒன்று போனது.
பஸ் முழுக்கச் சளி இளகிற்று.
நடத்துநர் மட்டும்
ஜன்னலைத் திறக்கச் சொல்லித் திட்டினார்.

நோட்டை எடுத்து எழுதினேன்:
உடைந்தது 1. நட்டம் ரூ.140. காரணம்: காட்டெருமை.

இப்படித்தான் நான்.
ராத்திரி கூட்டும்போது ஒரு குப்பி உதைத்தாலும்
தூக்கம் வராது.

லேபிள் அடிக்கும் ஜெபமணி அண்ணன் கேட்டார்,
"தொடங்கின வருஷம் என்னான்னு போட?"
போன வருஷம், ஐப்பசி.
சிரித்தார்.
"முப்பத்திரெண்டுன்னு போடு பாப்பா,
நேத்து வந்த சாக்லேட்டெல்லாம்
வெள்ளைக்காரன் காலத்துலேருந்து விக்குது."
முதன்மைச் சான்று பற்றிய கேள்விக்கு
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
வருஷமே வேண்டாம் என்றேன்.
இந்த மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து
அடுப்பெரிக்க வந்தது.
அதனிடம் யாரும்
எப்போது வந்தாய் என்று கேட்பதில்லை.

இரண்டாவது பீரியடில்
ஹெலன் சுகந்தி மேடம் வாசித்தார்:
அறுபத்து நான்காம் ஆண்டு ஒப்பந்தம்.
இந்தியாவுக்கு ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர்.
இலங்கைக்கு மூன்று லட்சம்.
மிச்சம் ஒன்றரை லட்சம், பிறகு பேசிக்கொள்வது.
பத்து வருஷம் கழித்துப் பேசினார்கள்.
பாதி உனக்கு, பாதி எனக்கு.
விற்காத குப்பிகளைத் திருப்பும்போது
மார்க்கெட் போஜன் அண்ணன் சொல்வாரே,
அதே குரல்தான் எனக்குக் கேட்டது.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
என் பேனா நின்றுவிட்டது.
இத்தனை பெரிய கூட்டல்
ஒரு தலைகூட உதைக்காமல்
எப்படி மூன்று பூச்சியத்தில் முடிகிறது?
எந்த ராத்திரி உட்கார்ந்து கூட்டினார்கள்,
கடைசி ஆளை
எந்தப் பக்கம் தள்ளினார்கள்?

கேட்கவில்லை.
கேட்டால் நாற்பத்தொரு தலையும் திரும்பும்.
டேன்டீ லைன் பிள்ளை என்பது
தைல வாசனைபோல, சொல்லாமலே தெரிந்ததுதான்.

அந்த ஐந்து லட்சத்துச் சொச்சத்தில்
அப்பா ஒருவர். வயது ஆறு.
கப்பலில் வாந்தி எடுத்ததும்
யாரோ தந்த உப்பு பிஸ்கட்டும்,
அவ்வளவுதான் அவருடைய தற்கால வரலாறு.
அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது.
அவர் வேறோர் எண்ணில் நின்றுவிட்டார்,
ஹட்டனில்.
இப்போது வாட்ஸப்பில் கேட்கிறார்:
முழங்காலுக்கு ரெண்டு போத்தல்
அனுப்பன் பிள்ளை.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத்
தபாலாபீஸ் போனேன்.
திரவம். தீப்பற்றும். வெளிநாடு.
மூன்றுக்கும் விரல் மடக்கினார் கவுண்ட்டர்க்காரர்.
பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து,
தன் அம்மாவுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்.
பேரம் பேசவில்லை.
நூற்றைம்பது கொடுத்தார், சில்லறை இல்லை என்றேன்,
பரவாயில்லை என்றார்.
அந்தப் பத்து ரூபாயை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று இன்னும் தெரியவில்லை.

நாளை ஒப்படைப்பு:
உள்ளூர் வரலாறு, பத்துப் பக்கம்.
கூடவே திருப்பூருக்கு ஆறு, கரூருக்கு நான்கு
பொட்டலம் கட்டணும்.
திரும்பும் பஸ்ஸில் நோட்டு மாறி
கணக்கு நோட்டில்தான் தொடங்கினேன்:

அப்பா 1. வந்தது.
அத்தை 1. நின்றது.
காரணம்:

கட்டபெட்டு வளைவில் பஸ் குலுங்கியது.
பேனா பக்கத்தின் ஓரம்வரை
ஒரு கோடு இழுத்துவிட்டது.
அழிக்காமல் அடுத்த வரிக்குப் போனேன்.